வலுவூட்டும் உணவுகள்: புகழ் இடம்மாறிய ஒரு வரலாறு

உண்ணப்படும் பொருளின் குணம் உண்பவனிடம் சேரும் என்னும் எண்ணம் மனிதகுலத்தின் மிகப் பழைய எண்ணங்களுள் ஒன்று. வலியவனாக விரும்புபவன் வலிய விலங்கின் தசையை உண்ணவேண்டும் என்பது அதன் நேரடியான முடிபு. கி.மு. ஆறாம் நூற்றாண்டிலே வாழ்ந்த குரோற்றன் நகரத்து மல்லன் மைலோ நாளொன்றுக்கு இருபது மினா நிறையுள்ள இறைச்சியையும் அதேயளவு உரொட்டியையும் உண்டு மூன்று குடம் திராட்சைமதுவும் அருந்தினான் என்று கிரேக்கர் பிற்காலத்தில் எழுதிவைத்தனர். இக்கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, அதே மைலோ ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளிற் சுமந்து வந்தான், அது எருதாக வளர்ந்தபின்னும் சுமந்தான் என்ற மற்றொரு கதையும் உண்டு. ஒரே மனிதனின் வலுவுக்கு இங்கே இரண்டு விளக்கங்கள் தரப்படுகின்றன. ஒன்று அவன் தட்டிலே கிடந்தது; மற்றது அவன் தோளிலே கிடந்தது. கடந்த இருநூறு ஆண்டுகளில் இவ்விரண்டினுள் எது எதற்குரிய புகழைப் பெற்றது என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

இது வெறும் பழங்கதை தேடலன்று. இன்று எமது நகரங்களின் உடற்பயிற்சிக் கூடங்களிலே சேரும் இளைஞர் பலர் பயிற்சி முறையைக் கேட்பதற்கு முன்னர் எந்தப் பேணியை வாங்குவது என்று கேட்கின்றனர். ஒரு பேணி புரதமாவின் விலையோ ஒரு மாணவனின் பல நாட் சாப்பாட்டுச் செலவை விழுங்கிவிடக் கூடியது. அப்பேணிக்கு இத்துணை மதிப்பு எவ்வாறு வந்தது என்பதை அறிந்துகொள்வதிற் பயனுண்டு.

லீபிக்கும் இறைச்சிச் சாறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் உணவைப் பற்றிய சிந்தனை வைத்தியரின் கையிலிருந்து இரசாயனவியலாளரின் கைக்கு மாறியது. அம்மாற்றத்திலே முதன்மையான பங்கு வகித்தவர் ஜேர்மனியப் பேராசிரியர் யுஸ்ரஸ் வொன் லீபிக் ஆவார். 1842 ஆம் ஆண்டில் வெளியிட்ட விலங்கு இரசாயனம் பற்றிய நூலில் அவர் உணவை இரு கூறாகப் பிரித்தார். நைதரசனைக் கொண்ட புரதம் உடலைக் கட்டுவதோடு தசையின் வேலைக்கும் தானே எரிபொருளாகின்றது. மாப்பொருளும் கொழுப்பும் உடற்சூட்டை மாத்திரமே தருகின்றன என்பது அவர் கொள்கை. தசை சுருங்குந்தோறும் அதன் புரதம் சிறிது அழிகின்றது. அழிந்ததை ஈடுசெய்ய மீண்டும் புரதமே வேண்டும். ஆகவே உழைப்பவனுக்கும் வீரனுக்கும் உரிய உணவு இறைச்சியே என்ற பழைய எண்ணம் இப்பொழுது ஆய்வுகூடத்தின் முத்திரையோடு திரும்பி வந்தது. கொள்கை அழகானது, எளிதில் விளங்குவது. லீபிக்கின் பெயரோ ஐரோப்பா முழுவதும் மதிக்கப்பட்டது. இவ்விரண்டும் சேர்ந்தவிடத்துப் பரிசோதனையை யாரும் கேட்பதில்லை.

1847 இல் லீபிக் இறைச்சியின் சாற்றை ஆராய்ந்தார். அச்சாற்றிலிருந்து 1832 ஆம் ஆண்டிலேயே பிரான்சிய இரசாயனவியலாளர் செவ்றோல் ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, தசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு அதற்குக் கிரியற்றின் எனப் பெயரிட்டிருந்தார். (இச்செவ்றோல் நூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர், தாம் கண்ட பொருள் இவ்வளவு புகழ்பெறும் என்பதைக் காண அந்த ஆயுளும் போதவில்லை.) பல விலங்குகளின் தசையிலும் கிரியற்றின் இருப்பதை லீபிக் உறுதிசெய்தார். வேட்டையில் துரத்திக் கொல்லப்பட்ட நரிகளின் தசையில், அடைத்து வளர்க்கப்பட்ட நரியின் தசையில் உள்ளதைப் போலப் பத்து மடங்கு கிரியற்றின் இருந்ததாகவும் அவர் குறிப்பிட்டார். தசையின் வேலைக்கும் இப்பொருளுக்கும் ஏதோ தொடர்புண்டு என்பதை முதன்முதலாகச் சுட்டிய கூற்று இதுவாகும். எனினும் அவர் கவனம் புரதத்திலேயே நிலைத்திருந்தது.

அக்காலத்தில் தென்னமெரிக்கப் புல்வெளிகளிலே மாடுகள் தோலுக்காகவும் கொழுப்புக்காகவும் கொல்லப்பட்டன. இறைச்சி பெரும்பாலும் வீணாயிற்று. கியேபேட் என்னும் பொறியியலாளர் லீபிக்கின் முறையைக் கொண்டு உருகுவேயிலுள்ள பிறே பெந்தோஸ் நகரில் இறைச்சிச் சாறு காய்ச்சும் ஆலையை நிறுவினார். 1865 இல் இலண்டனிலே லீபிக்கின் பெயரைத் தாங்கிய கம்பனி தொடங்கிற்று. ஏறத்தாழ 30 கிலோகிராம் இறைச்சியிலிருந்து ஒரு கிலோகிராம் கரிய குழம்பு பெறப்பட்டது. நோயாளிக்கும் போர்வீரனுக்கும் மலையேறுபவனுக்கும் வலுத்தரும் பொருளாக அது விற்கப்பட்டது. ஆனால் காய்ச்சி வடிக்கும்போது நாரும் கொழுப்பும் புரதத்தின் மிகப்பெரும் பகுதியும் சட்டியிலேயே தங்கிவிட்டன. அதாவது, வலுவுக்குப் புரதமே காரணம் என்ற லீபிக்கின் சொந்தக் கொள்கையின்படியே நோக்கினும் அவர் பெயரால் விற்கப்பட்ட குழம்பிலே வலுத்தரும் பொருள் இருக்கவில்லை. இதனை அக்கால வைத்தியர் சிலர் எடுத்துக்காட்டியும் விற்பனை குறையவில்லை.

மலையேறிய இரு பேராசிரியர்கள்

கம்பனி தொடங்கிய அதே 1865 ஆம் ஆண்டின் ஓகஸ்ற் மாதம் 30 ஆம் நாளன்று சூரிச் நகரத்துப் பேராசிரியர் இருவர் சுவிற்சலாந்திலுள்ள பௌல்கோர்ன் மலையில் ஏறினர். ஒருவர் உடற்றொழிலியலாளர் அடோல்வ் பிக். மற்றவர் இரசாயனவியலாளர் யொகானஸ் விஸ்லிசேனஸ். உணவாராய்ச்சியின் வரலாற்றிலே இந்த மலையேற்றத்தைப் போன்று குறைந்த செலவில் பெரிய விடயத்தைத் தீர்த்துவைத்த பரிசோதனை வேறொன்று உண்டோ என்பது ஐயமே.

முதல்நாள் நண்பகலிலிருந்து அவர்கள் புரதம் கலந்த உணவெதனையும் தீண்டவில்லை. மாப்பொருளைக் கொழுப்பிற் பொரித்த பணியாரமும் சீனியிட்ட தேநீரும் போன்றனவே அவர்களது ஆகாரம். பிரியென்ஸ் ஏரிக்கரையிலிருந்து அதிகாலையிற் புறப்பட்டு 1956 மீற்றர் உயரம் ஏறினர். ஏறுமுன்னரும் ஏறும்போதும் ஏறிய பின்னரும் கழித்த சிறுநீரைச் சேகரித்து அதிலுள்ள நைதரசனை அளந்தனர். புரதம் உடலிலே சிதையும்போது அதன் நைதரசன் சிறுநீர் வழியாகவே வெளியேறுமாதலால், எவ்வளவு புரதம் செலவாயிற்று என்பதை இதனாற் கணிக்கலாம்.

கணக்கின் மறுபக்கம் இன்னும் எளிது. பிக்கின் நிறை 66 கிலோகிராம். அதனை 1956 மீற்றர் உயர்த்துவதற்கு 129,096 கிலோகிராம்மீற்றர் வேலை வேண்டும். 76 கிலோகிராம் நிறையுடைய விஸ்லிசேனஸுக்கு 148,656. இதயமும் சுவாசத் தசைகளும் செய்த வேலையைச் சேர்க்காமலே வரும் தொகை இது. இருவரிலும் சிதைந்த புரதமோ தலைக்கு ஏறத்தாழ 37 கிராம் மாத்திரமே. அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலே எட்வேட் பிராங்க்லாந்து புரதத்தை எரித்து அதன் வெப்பத்தை அளந்தபோது, அந்த 37 கிராம் தரக்கூடிய சக்தி உடலை உயர்த்துவதற்கு வேண்டிய வேலையில் ஏறத்தாழப் பாதியையே ஈடுசெய்யும் என்று தெளிவாயிற்று. மீதி எங்கிருந்து வந்தது? மாவிலிருந்தும் கொழுப்பிலிருந்துமே வந்திருத்தல் வேண்டும். தசை வேலைசெய்யப் புரதத்தை எரிக்கின்றது என்ற கொள்கை மலையுச்சியிலே முடிந்துபோயிற்று.

ஆயினும் கொள்கை வேறு, பழக்கம் வேறு. வேலையின் எரிபொருள் புரதமன்று என்று நிறுவப்பட்டபின்னும் உழைப்பாளிக்குப் புரதம் மிகுதியாக வேண்டும் என்ற விதி நிலைத்தது. மியூனிக்கின் கார்ல் வொயிற் உழைக்கும் மனிதனுக்கு நாளொன்றுக்கு 118 கிராம் புரதம் என்று வகுத்தார். அத்தொகை பெரிதும் அக்காலத் தொழிலாளர் உண்டதை அளந்து பெற்றது. உண்பதெல்லாம் வேண்டியது ஆகாது என்ற தருக்கம் அப்போது பலருக்குத் தோன்றவில்லை.

அவ்வாறு தோன்றியவருள் ஒருவர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் றசல் சிற்றென்டன். 1904 இல் வெளியான அவரது நூல், பேராசிரியர்களும் இராணுவ மருத்துவப் பிரிவைச் சேர்ந்த போர்வீரர் பதின்மூவரும் மாணவ விளையாட்டு வீரர் எண்மரும் வொயிற் வகுத்த அளவின் ஏறத்தாழப் பாதிப் புரதத்துடன் பல மாதங்கள் வாழ்ந்ததை விபரிக்கின்றது. அவர்கள் நலிவடையவில்லை. அதற்கு மாறாக வலுச்சோதனைகளில் அவர்களது பெறுபேறு வெகுவாக உயர்ந்தது. குறைந்த புரதமே வலுவைத் தந்தது என்று சிற்றென்டனின் ஆதரவாளர் மகிழ்ந்தனர். ஆனால் அப்போர்வீரர் அம்மாதங்களிலே யேல் உடற்பயிற்சிக் கூடத்தில் நாள்தோறும் பயிற்றப்பட்டனர் என்பதையும் அதே நூல் சொல்கின்றது. முன்பு பயிற்சி பெறாத ஒருவனைப் பல மாதம் பயிற்றினால் அவன் எதை உண்டாலும் ஓரளவு வலுப்பெறுவான். புரதத்தின் பகைவருங்கூடப் பயிற்சிக்குரிய புகழை உணவுக்கே கொடுத்தனர் என்பது எனக்கு இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதியாகத் தோன்றுகின்றது. இவ்வாய்வு உண்மையில் நிறுவியது, அவ்வளவு குறைந்த புரதத்திலும் மனிதன் வலுப்பெற இயலும் என்பதனை மட்டுமே.

சாண்டோவின் பேணி

இதே காலத்தில் விளம்பரம் என்னும் புதிய கலை வளர்ந்துகொண்டிருந்தது. பிரசியாவின் கோனிக்ஸ்பேர்க் நகரிலே 1867 இல் பிறந்து, 1889 இல் இலண்டன் மேடையொன்றிலே நடந்த போட்டியால் ஒரே இரவிற் புகழ்பெற்ற இயூஜன் சாண்டோ, உடலழகையே தொழிலாக்கியவர்களுள் முன்னோடி. 1904, 1905 ஆம் ஆண்டுகளில் அவர் இந்தியாவிலும் சுற்றுப்பயணஞ் செய்தார். அவர் பெயர் தமிழிலே நிலைத்துவிட்டது. திரைப்படத் தயாரிப்பாளர் சின்னப்பா தேவர் இளமையிற் செய்த உடற்பயிற்சியின் காரணமாகச் சாண்டோ என்ற அடைமொழியைப் பெற்றார். கையில்லாத உள்ளங்கியைச் சாண்டோ பனியன் என்று வழங்குவோருள் அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தோர் சிலரே.

கொழுப்பெடுத்த பாலிலிருந்து பெற்ற புரதத்தை உலர்த்திச் செய்த பிளாஸ்மன் என்னும் தூள் இருபதாம் நூற்றாண்டின் வாயிலில் இலண்டனிலே விற்பனைக்கு வந்தது. இன்றைய பாற்புரத மாவின் நேரடி மூதாதை அதுவே. எழுத்தாளர் மார்க் ருவெயின் அதன்மேற் கொண்ட நம்பிக்கையாற் பணம் முதலிட்டு இழந்தவர்களுள் ஒருவர். சாண்டோவும் அத்தூளுக்குச் சான்றுரை வழங்கினார்; சில ஆண்டுகளின் பின் தமது பெயரிலேயே கொக்கோத் தூள் ஒன்றையும் விற்கத் தொடங்கினார். அவ்வியாபாரம் முதலாம் உலகப் போர்க் காலத்தில் வீழ்ந்தது. இங்கே ஆண்டுகளை ஒப்புநோக்கினாற் போதும். சாண்டோவின் புகழ் 1889 இல் வந்தது. பிளாஸ்மன் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளின் பின் வந்தது. தூள் பிறக்குமுன்னரே உருவாகிவிட்ட தோள்கள் அத்தூளின் பேணிக்குச் சான்றாயின. அத்தோள்களை அவர் கனத்த பாரங்களைத் தூக்கி வளர்த்தார். பொதுமக்களுக்கு விற்றதோ சிறு கைப்பாரங்களுடன் செய்யும் பயிற்சி முறை. இதுவும் கவனிக்கத்தக்கது.

யோர்க் நகரத்து இரகசியம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே யோர்க் என்னும் சிறு நகரம் உண்டு. பொப் ஹொவ்மன் அங்கே பாரச்சட்டங்கள் செய்யும் தொழிற்சாலையை நடத்தி, 1932 முதல் வலுவும் உடல்நலமும் பற்றிய மாத இதழொன்றையும் வெளியிட்டார். அமெரிக்கப் பளுதூக்கும் அணியையும் பல்லாண்டுகள் தாமே பயிற்றினார். இரும்புச் சட்டத்தை ஒருவன் ஒருமுறைதான் வாங்குவான், அது தேய்வதில்லை. உண்ணும் பொருளையோ மாதந்தோறும் வாங்கவேண்டும். இவ்வுண்மை 1950களின் தொடக்கத்தில் ஹொவ்மனுக்குப் புலப்பட்டது. இர்வின் ஜோன்சன் என்பவர் அவ்விதழின் வாயிலாக விற்ற புரதமா நன்கு விலைபோவதைக் கண்டு, அவரை விலக்கித் தமது சொந்தச் சோயா மாவை ஹொவ்மன் சந்தைப்படுத்தினார். தொழிற்சாலையில் ஒரு பீப்பாய்க்குள் சோயா மாவையும் சொக்கலேற்றையும் இட்டு ஹொவ்மன் படகுத் துடுப்பினாற் கிண்டிக்கொண்டிருந்ததைத் தாம் நேரிற் கண்டதாக இதழின் ஆசிரியர் குழுவிலிருந்த ஒருவர் பின்னர் கூறியுள்ளார்.

இதழிலே வெற்றிவீரரின் படமும் அவர் கையிற் பேணியும் சேர்ந்தே வந்தன. ஆனால் ஜோன் டேவிஸ் தமது முதலாவது உலகப் பட்டத்தை 1938 இலே, பதினேழு வயதில் வென்றார். அப்போது அம்மா உலகில் இல்லை. 1952 இலும் 1956 இலும் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் பெற்ற ரொமி கோனோவின் கதை இன்னும் தெளிவானது. ஆஸ்துமாவினால் நலிந்த சிறுவனான அவரை, இரண்டாம் உலகப் போரின்போது யப்பானிய வம்சாவளியினர் என்ற காரணத்தால் அமெரிக்க அரசு குடும்பத்தோடு ரூலி லேக் முகாமிலே அடைத்து வைத்தது. அவர் முதன்முதலிற் பாரந்தூக்கியது அம்முகாமிலேதான். முட்கம்பி வேலிக்குள் வழங்கப்பட்ட பொதுச் சமையலறை உணவையே உண்டு வளரத் தொடங்கிய உடல் அது.

இதன் பின்னர் நடந்தது மேலும் பாரதூரமானது. அமெரிக்க அணியோடு சென்ற வைத்தியர் ஜோன் சீக்லர், 1954 இல் வியன்னாவிலே நடந்த உலகப் பளுதூக்கும் போட்டியின்போது சோவியத் வீரர் ஆண்மை ஓமோனைப் பயன்படுத்துவதாக அறிந்தார். 1958 இல் சீபா என்னும் மருந்துக் கம்பனி டயனபோல் என்ற வில்லையை வெளியிட்டது. 1960 அளவில் யோர்க் கூடத்து வீரர் சிலருக்குச் சீக்லர் அவ்வில்லையைக் கொடுத்தார். அதேவேளையில் அவர்களுக்குப் புதியதோர் பயிற்சி முறையையும் கற்பித்தார்: அசையாத சட்டத்தை முழு வலுவோடு சில விநாடிகள் தள்ளுவது. இம்முறைக்கு ஓர் அறிவியல் அடிப்படையும் இருந்தது. 1953 இல் ஜேர்மனியில் ஹெற்றிங்கர், மியூலர் என்போர், நாளொன்றுக்கு ஆறு விநாடி மட்டும் தசையை அவ்வாறு இறுக்கினால் வாரத்துக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் வலு கூடும் என எழுதியிருந்தனர்.

வீரர் தூக்கிய பாரம் மளமளவென உயர்ந்தது. இதழ் அதனைப் புதிய பயிற்சியின் வெற்றி என்றும் புரதமாவின் துணை என்றும் மாதந்தோறும் எழுதியது. பயிற்சிக்குரிய சட்டகமும் அதன் கையேடும் மாவும் ஆயிரக்கணக்கில் விற்பனையாயின. வில்லையைப் பற்றி ஒரு சொல்லும் அச்சேறவில்லை. அமெரிக்கச் சிற்றூர்களில் அச்சட்டகத்தை வாங்கி, அம்மாவைக் கரைத்துக் குடித்து, சொன்னபடி சட்டத்தைத் தள்ளியும் அந்த உயர்ச்சியைக் காணாத இளைஞர் தம் முயற்சியையே நொந்திருப்பர் என்று ஊகிப்பது தவறாகாது. ஓரிதழின் மௌனம் இத்தனை பேரை ஏமாற்ற வல்லது. 1960களில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் ஹொவ்மனின் சில பொருள்களின் பெயர்ச்சீட்டுக் கூற்றுகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. ஆனால் பேணியின் புறத்தே எழுதிய பொய்யைத்தான் சட்டத்தால் தொட முடிந்தது. இதழின் உள்ளே எழுதாமல் விட்ட உண்மையைத் தொட இயலவில்லை. பிற்காலத்திலே தாம் தொடக்கிவைத்ததை எண்ணி வருந்திய சீக்லர் 1983 இல் இறந்தார். ஒலிம்பிக் குழு இவ்வகை மருந்துகளைத் தடைசெய்தது 1975 இல். சோதித்தது 1976 மொன்றியல் போட்டியிலிருந்து.

வில்லையின் புகழிலும் ஒரு பகுதி இரவற் புகழ் என்பதைக் காட்டும் சிறிய ஆய்வொன்று 1972 இல் வெளிவந்தது. ஏரியல், சவில் என்னும் இருவர், ஏற்கனவே பயிற்சியிலிருந்த விளையாட்டு வீரர் அறுவருக்கு டயனபோல் தருகிறோம் என்று சொல்லி வெற்று வில்லைகளைக் கொடுத்தனர். அடுத்த சில வாரங்களில் அவர்களது வலு, அதற்கு முந்திய பயிற்சிக் காலத்தைவிட வேகமாக உயர்ந்தது. அறுவரைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுக்கலாகாது. எனினும் நம்பிக்கையும் பாரந்தூக்கும் என்பதனை மறந்துவிட்டு எந்தத் தூளையும் எடைபோட முடியாது.

சட்டியில் இருந்த மற்றப் பொருள்

இவ்வளவு ஆரவாரத்துக்கிடையிலே கிரியற்றின் மறக்கப்பட்டுக் கிடந்தது. ஆய்வுகூடங்களில் மட்டும் அதன் கதை மெல்ல வளர்ந்தது. 1926 இல் சனூற்றின் என்பவர் மனிதருக்குக் கிரியற்றினை உண்ணக் கொடுத்து, கொடுத்ததன் ஒரு பகுதி சிறுநீரில் வெளிவராமல் உடலிலே தங்குவதைக் காட்டினார். அடுத்த ஆண்டிலே ஹாவார்ட் மருத்துவக் கல்லூரியில் சைரஸ் பிஸ்க் என்பாரும் எல்லாப்பிரகட சுப்பாராவ் என்பாரும், தசையிலுள்ள கிரியற்றின் பொசுபேற்றுடன் இணைந்திருக்கின்றது என்றும், தசை வேலைசெய்யும்போது அவ்விணைப்புப் பிரிந்து ஓய்விலே மீண்டும் கூடுகின்றது என்றும் கண்டனர். இங்கிலாந்தில் எகிள்ற்ரன் தம்பதியரும் அதே காலத்தில் இப்பொருளைக் கண்டனர்.

சுப்பாராவைப் பற்றி ஈண்டு ஒரு சொல் கூறாது செல்லலாகாது. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்திலே 1895 இற் பிறந்த அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதர் அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி முழுப் பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த சான்றிதழே பெற்றார் என்பது அவர் வரலாற்றில் அறியப்பட்ட செய்தி. அமெரிக்கா சென்று, வைத்தியசாலையொன்றில் இரவிலே எடுபிடி வேலைசெய்து பிழைத்துக்கொண்டே ஆராய்ந்தார். ஹாவார்ட் அவருக்கு நிரந்தரப் பதவி அளிக்கவில்லை. புகழ் இடம்மாறுவது பேணிகளுக்கு மாத்திரம் உரிய விதியன்று.

கிரியற்றின் செய்யும் தொழிலை இன்று நாம் தெளிவாக அறிவோம். தசையின் உடனடி எரிபொருளான அடினோசின் முப்பொசுபேற்று முழு முயற்சியின்போது சில விநாடிகளுக்கே போதும். அது செலவானதும் கிரியற்றின் பொசுபேற்றுத் தன் பொசுபேற்றைக் கொடுத்து அதனைப் புதுப்பிக்கின்றது. கனத்த பாரத்தை ஒருசில தடவை தூக்குவதற்கு எடுக்கும் நேரமும் சில விநாடிகளே. ஆகவே இச்சேமிப்பு கூடினால் இன்னும் ஒன்றிரண்டு தடவை தூக்கலாம். அவ்வாறு பல வாரம் கூடுதலாகத் தூக்கினால் வலுவும் கூடும். இங்கே தூள் பயிற்சியின் இடத்தைப் பிடிக்கவில்லை. பயிற்சியைக் கூட்டுவதன் வாயிலாகவே பெரும்பாலும் பயன்தருகின்றது. எழுபது கிலோகிராம் நிறையுள்ள மனிதனில் ஏறத்தாழ 120 கிராம் கிரியற்றின் உண்டு. அதிலே நாளொன்றுக்கு இரண்டு கிராம் வரை கழிகின்றது. அதனை உடல் தானே ஆக்கியும் இறைச்சி, மீன் ஆகியவற்றிலிருந்து பெற்றும் ஈடுசெய்கின்றது.

உண்ட கிரியற்றின் தசையைச் சென்றடைகின்றதா என்பதை அறிய மனிதத் தசையிலிருந்து சிறு துணுக்கை ஊசியால் எடுக்கும் முறை வேண்டியிருந்தது. அம்முறை 1960களில் சுவீடனில் வளர்ந்தது. 1992 இல் ஹரிஸ், சோடலுண்ட், ஹுல்ற்மன் ஆகிய மூவர் பதினேழு பேரை ஆராய்ந்து, ஐந்து கிராம் வீதம் நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை சில நாள்கள் கொடுத்தபோது தசையின் கிரியற்றின் சிலரில் நூற்றுக்கு ஐம்பது வரை கூடியதைக் கண்டனர். தொடக்கத்திலே குறைவாக இருந்தவரிலேயே ஏற்றம் மிகுதி. இறைச்சி உண்ணாதோரின் தசையில் இது குறைவென்பது பின்னர் பலமுறை உறுதியாயிற்று. ஆகவே மரக்கறி உணவினராகிய எம்மிற் பலருக்கு இச்செய்தி சிறப்பாகப் பொருந்தும். விற்பனையிலுள்ள கிரியற்றின் இறைச்சியிலிருந்து வருவதன்று. சார்கோசின், சயனமைட்டு ஆகியவற்றிலிருந்து தொழிற்சாலையில் தொகுக்கப்படுவது. அதே 1992 இல் பார்சலோனா ஒலிம்பிக்கின்போது பிரித்தானிய ஓட்ட வீரர் இதனைப் பயன்படுத்துவதாக இலண்டன் பத்திரிகைகள் எழுத, அடுத்த ஆண்டிலே பேணிகள் கடைக்கு வந்துவிட்டன. 1832 இல் காணப்பட்டு, 1926 இல் உண்ணக் கொடுக்கப்பட்ட பொருள் சந்தைக்கு வர 1993 வரை காத்திருந்தது. இதற்கிடையில் விற்கப்பட்ட எத்தனையோ தூள்களுக்கு இத்தகைய சான்று எதுவும் இருக்கவில்லை.

இனி எண்களைப் பார்ப்போம். இருபத்திரண்டு ஆய்வுகளை ஒருங்கே நோக்கி 2003 இல் வெளியான மதிப்பீடொன்றில், பளுப்பயிற்சியோடு கிரியற்றின் உண்டவரின் வலு சராசரி நூற்றுக்கு 20 உம், பயிற்சியோடு வெற்றுத் தூள் உண்டவரின் வலு நூற்றுக்கு 12 உம் உயர்ந்தன. முதற் கிழமையில் ஏறும் ஒன்றிரண்டு கிலோகிராம் உடல்நிறை பெரும்பாலும் நீரே. புரதமாவைப் பற்றி 2018 இல் வெளியான ஆய்வு, 49 பரிசோதனைகளையும் 1863 பேரையும் உள்ளடக்கியது. அதன்படி பயிற்சி மாத்திரம் ஒருவர் ஒருமுறை தூக்கக்கூடிய உச்சப் பாரத்தைச் சராசரி 27 கிலோகிராம் அளவில் உயர்த்தியது; புரதம் அதற்கு மேல் 2.49 கிலோகிராமைச் சேர்த்தது. கொழுப்பற்ற உடல்நிறையில் அது சேர்த்தது 0.30 கிலோகிராம். உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் கிடைத்துவிட்டால் அதற்கு மேலுண்பதாற் கூடுதல் பயன் காணப்படவில்லை. ஆகவே லீபிக் முற்றிலும் தவறியவரல்லர். பளுப்பயிற்சி செய்பவனுக்குச் சாதாரண மனிதனிலும் கூடுதலான புரதம் பயன்படும், அது எரிபொருளாக அன்று, கட்டுபொருளாகவே. அதனைப் பருப்பும் முட்டையும் மீனும் பாலும் தரமாட்டா என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. 27 உக்கும் 2.49 உக்கும் உள்ள விகிதம் பேணியின் விலையிலே காணப்படுவதில்லை.

1994 இல் அமெரிக்கா இயற்றிய சட்டமொன்று, ஊட்டப்பொருள்களைச் சந்தைக்கு விடுமுன் அவற்றின் பயனையோ பாதுகாப்பையோ நிறுவிக்காட்டும் கடமையைப் பொதுவாக உற்பத்தியாளரிடமிருந்து நீக்கியது. அதன்பின் பெருகிய பேணிகளுள், உடல்மெலியவும் உற்சாகம் பெறவும் விற்கப்பட்ட எபிட்றா என்ற மூலிகைப் பொருள் பல மரணங்களோடு தொடர்புபடுத்தப்பட்டு, 2004 இலேதான் தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டில் வெளியான ஜேர்மனியின் கொலோன் ஆய்வுகூட அறிக்கை இன்னொன்றைக் காட்டியது. பதின்மூன்று நாடுகளில் வாங்கப்பட்ட, ஓமோன் கலவாதவை எனப் பெயர்ச்சீட்டுத் தாங்கிய 634 ஊட்டப்பொருள்களைச் சோதித்தபோது 94 இலே, அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 15 இலே, அறிவிக்கப்படாத ஓமோன்சார் பொருள்கள் காணப்பட்டன. யோர்க் நகரிலே வில்லை மறைக்கப்பட்டு மா புகழப்பட்டது. இங்கே வில்லையின் இனத்தைச் சேர்ந்த பொருள் மாவின் உள்ளேயே இருந்தது. வாங்கியவர் தம் வலு உயர்ந்தால் பேணியின் முகப்பிலே அச்சிட்ட புரதத்தையே புகழ்ந்திருப்பார். சிறுநீர்ச் சோதனையில் அகப்பட்டாலோ, உடலுள் காணப்பட்ட பொருளுக்கு அவரே பொறுப்பு என்பது 2004 முதல் நடைமுறையிலுள்ள உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கோவையின் நெறி. அறியாமல் உண்டதாக அவர் நிறுவினால் தண்டனைக் காலம் குறையலாம், வென்ற பதக்கம் திரும்புவதில்லை.